ஜெராம் சடக்கில் ஒரு கித்தான் வண்டி

கிள்ளானை விட்டுக் காப்பாரையும் தாண்டி வடக்கே வரும்போது, காற்றில் உப்பு வாடை கலந்தால் ஜெராம் நெருங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்பனை. நம் நாட்டில் வாணிப நோக்கில் முதன்முதலாக, 1917இல், செம்பனை நட்ட தெனமாராம் தோட்டம் இருப்பதும் இந்தக் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். நான் பிறந்ததும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பதும் இந்த மண்ணில்தான்.

சென்ற பள்ளி விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு என் மச்சான் ஒரு பழைய லேண்ட் ரோவரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். 1971 முதல் 1985 வரை செய்யப்பட்ட மூன்றாம் வரிசை வண்டி அது. மேலே கித்தான் கூரை. கயிறுகளை அவிழ்த்துக் கித்தானைச் சுருட்டிவிட்டால் வானம்தான் கூரை. பிள்ளைகள் குதித்தார்கள்.

"மாமா, ஜெராம் கடற்கரையில கித்தானைக் கழட்டிடுவோம். அப்படியே கோல சிலாங்கூர் போயி மின்மினிப்பூச்சி பார்த்துட்டு வரலாம். மேல ஒரு கேரியர் மட்டும் போட்டுட்டா சாமானுக்குக் கவலையில்ல" என்றார்.

கேரியர் என்ற சொல் காதில் விழுந்ததும், திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாசகர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். அப்பா தோட்டத்து லேண்ட் ரோவர் டிரைவராக இருந்தவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட அந்த வண்டி, அவசரகாலத்தில் போலீஸ்காரர்களுக்கும் துரைமார்களுக்கும் உழைத்துவிட்டு, பிறகு தோட்டங்களில் எல்லா வேலைக்கும் பொது வண்டியாயிற்று. பிரசவ வேதனையில் துடிப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுவே. வேலையை விட்டு நிற்கும் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டு போய் இறக்குவதும் அதுவே.

1986ஆம் ஆண்டு. எனக்கு ஏழு வயது. அப்படி ஒரு குடும்பம் லயத்தைக் காலி செய்தது. உள்ளே ஆட்கள் உட்கார வேண்டும் என்பதற்காக, அப்பா கித்தானைத் தாங்கும் வளைவுக் கம்பிகளின் மேல் பலகைகளைக் கட்டி, தையல் மிஷினையும் அரிசி மூட்டையையும் அலமாரியையும் அதன்மேல் ஏற்றினார். கால்வாய்க் கரையோரம் வளைவில் திரும்பும்போது கம்பிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, சாமான் சரிந்தது, அதோடு வண்டியும் கால்வாயில் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிக்குக் கை முறிந்தது. அந்தக் கை கடைசிவரை நேராகவே இல்லை. வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாரத்தை ஏற்றியவர் அப்பா, ஓட்டியவரும் அப்பா. அதன்பின் அவர் எந்த வண்டியின் கூரைமேலும் ஒரு பாயைக்கூட வைத்ததில்லை.

ஆகவே இந்த விடுமுறைப் பயணத்திற்கு அப்பா வருவாரா, மாட்டாரா என்பது நாங்கள் எப்படிப்பட்ட கேரியர் போடுகிறோம் என்பதில் அடங்கியிருந்தது. எழுபதைத் தாண்டியவர். ஜெராம் கடற்கரை பக்கத்தில் இருந்தும் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

முதலில் பட்டணத்துக் கடையில் தேடினோம். அங்கிருந்தவையெல்லாம் தகரக் கூரையின் விளிம்பில், மழைத்தண்ணீர் வடியும் மடிப்பைக் கவ்விக்கொண்டு நிற்பவை. கித்தானுக்கு ஏது மடிப்பு? "தகரக் கூரையை வாங்கி மாட்டி, அதுமேல போட்டுக்கலாமே" என்றார் மச்சான். போடலாம்தான். ஆனால் காற்று வாங்க வேண்டுமென்றால் கூரையோடு கேரியரையும் சேர்த்துத் தூக்கி இறக்க வேண்டும். அதற்கு நாலு ஆள் வேண்டும். கழற்றும் கூரையுள்ள வண்டியை வாங்கிக் கழற்ற முடியாதபடி ஆணி அடிப்பதில் என்ன பயன்?

புக்கிட் ரோத்தானில் தோட்டத்துப் பட்டறையில் பல காலம் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருக்கிறார். வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு என்னிடம், "வாத்தியாரே, என்ன ஏத்தப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் கேரியரைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் முதல் கேள்வி. நாங்களோ எவ்வளவு பெரிய கேரியர் என்று அளந்துகொண்டிருந்தோம். மச்சான் வண்டியின் முழு நீளத்திற்கும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். நான் கணக்குப் போட்டேன். அந்தப் படத்துக்கு 24 மீட்டர் இரும்புக் குழாய் வேண்டும். ஓர் அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ. ஒரு பாய் ஏற்றுவதற்கு முன்பே 57 கிலோ தலைமேல்! வண்டி செய்யும் கம்பெனிகள் கூரைக்கு இத்தனை கிலோ என்று கைப்புத்தகத்தில் போடும்போது கேரியரின் எடையும் அதற்குள் அடங்கியதுதான். புதிய சுசுகி ஜிம்னி தகரக் கூரை வண்டி. அதற்கே 30 கிலோதான் அனுமதி. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கூரை தாங்கும் பாரம் வேறு, குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் தாங்கும் பாரம் வேறு. ஒரு வாளித் தண்ணீரைச் சும்மா பிடித்து நில்லுங்கள். பிறகு அதையே தூக்கிக்கொண்டு குதித்துப் பாருங்கள். தோள்பட்டை வித்தியாசத்தைச் சொல்லும்.

பெரியவர் சொன்ன வழி இது. கேரியர் பின்பாதிக்கு மட்டும் போதும். முன்னால் கொண்டு போனால் கண்ணாடிச் சட்டத்தில் தாங்க வைக்க ஆசை வரும். இந்த வண்டியிலோ அந்தச் சட்டமே முன்பக்கம் மடங்கக் கூடியது. நான்கு கால்களும் கித்தானுக்கு வெளியே இறங்க வேண்டும். வளைவுக் கம்பியை எதுவும் தொடக் கூடாது. பக்கச் சுவரோ அலுமினியத் தகடு. நேரே போல்ட் போட்டால் நாளடைவில் கிழிந்துவிடும். உட்புறம் இரும்புப் பட்டை கொடுத்து, கீழே சேசிஸோடு பிணைக்க வேண்டும். பாரம் காலில் இறங்கி, சேசிஸுக்குப் போய்ச் சேர வேண்டுமே தவிர, கூரைக்கு அதில் வேலையே இல்லை. கித்தான் கயிறு மாட்டும் கொக்கிகளைக் கால்கள் மறைக்காமலும் பார்த்துக்கொண்டார்.

இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப் போகும். ஜெராமுக்கு இது மிகவும் முக்கியம். இடையில் ரப்பர் வைக்க வேண்டும் என்று சொல்லிப் பழைய டயர் டியூபை வெட்டி எடுத்தார். "பால் வெட்டின கைதானே, ரப்பர் எங்க வைக்கணும்னு தெரியாதா?" என்று சிரித்தார்.

குழாய் 12 மீட்டராகக் குறைந்தது. எடை 29 கிலோவுக்குள் வந்தது. அப்படியும் முதல் நாள் தோட்டத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது ஒரு தவறு தெரிந்தது. இளஞ்செம்பனை மட்டைகள் பாதையின் மேல் தாழ்ந்து கிடக்கும் அல்லவா? கேரியரின் முன்பக்கத் தடுப்பு ஒரு மட்டையைக் கொக்கி போட்டு இழுத்து, முள்ளோடு கித்தான்மேல் போட்டது. கித்தானில் விரல் நீளத்துக்குக் கிழிசல். என் மனைவி ஊசி நூலோடு உட்கார, பெரியவர் தடுப்பை வெட்டி, குழாயைச் சரிவாக வளைத்துக் கொடுத்தார். அதன்பின் மட்டைகள் வழுக்கிக்கொண்டு போயின. பட்டணத்தில் கேரியர் விற்பவர்கள் இதையெல்லாம் எங்கே யோசிக்கப் போகிறார்கள்!

என்ன ஏற்றுவது என்பதை நான் காகிதத்தில் எழுதி வண்டிக்குள் ஒட்டினேன். மேலே பாய், தலையணை, மடக்கு நாற்காலி, கூடாரத் துணி. அவ்வளவுதான். தண்ணீர்க் கேன் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அது கீழே, இருக்கைகளுக்கு நடுவில். பெட்ரோல் மேலே ஏறவே கூடாது. பிள்ளைகள் இருக்கைகளுக்கு வார் போட்டோம். கித்தான் கழன்றிருக்கும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்பது என் கட்டளை.

புறப்படும் நாள் காலையில் அப்பா வெளியே வந்தார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து அடியில் பார்த்தார். ஒவ்வொரு காலாகத் தட்டினார். பிறகு கேரியரை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். வண்டியே ஆடியது, கேரியர் தனியாக ஆடவில்லை. "யார் கட்டினது இந்தக் கயிறு?" என்றார். மச்சான் தயங்கிக்கொண்டே, "நான்தான் மாமா" என்றார். அப்பா கயிற்றை அவிழ்த்து, லாரிக்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கினார். "அஞ்சு மைல் போனதும் நிறுத்தி மறுபடி பாரு. கயிறு தளரும்" என்றார். பிறகு உள்ளே போய்த் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, தாமே மேலே வைத்துக் கட்டினார்.

ஆண்களும் பிள்ளைகளும் லேண்ட் ரோவரில். பெண்கள் பின்னால் மைவி காடியில். அதில் குளிர்சாதனம் உண்டு, புத்திசாலிகள்.

ஜெராம் கடற்கரை வெள்ளை மணல் கடற்கரை அல்ல. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. ஆனால் மீன் படகுகளும், சுட்ட மீன் வாசனையும், கெராங் சிப்பி வேகும் ஆவியும் வேறெங்கே கிடைக்கும்? அங்கே கித்தானைச் சுருட்டினோம். கேரியர் தன் நான்கு காலில் அசையாமல் நின்றது. இரண்டு பேர், சில நிமிட வேலை.

அங்கிருந்து கோல சிலாங்கூருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மலாவத்திக் குன்றின் கோட்டையை டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து, அடுத்த ஆண்டே இழந்தார்கள். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. அதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தவை வெள்ளிக் குரங்குகள். ஒரு குரங்கு கேரியர்மேல் ஏறி அப்பாவின் பாயில் உட்கார்ந்துகொண்டது. "அதுவும் பாரம்தான், கணக்குல சேர்த்துக்க" என்றார் அப்பா.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைந்தன. படகில் யாரும் பேசவில்லை.

திரும்பும்போது கித்தானைப் போடவில்லை. வானத்தில் மழை இல்லை. அப்பா முன்னிருக்கையில் தலையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டே வந்தார். ஜெராம் சடக்கில் ஏறியபோது மச்சானின் தோளைத் தட்டி, "நிறுத்து, கயிற்றைப் பார்த்துட்டு வரேன்" என்று இறங்கினார்.