விடைபெறும் எண்



2015 டிசம்பர் முதல் தேதி இரவை நம் பகுதியார் மறப்பதற்கில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட, அடையாறு கரைபுரண்டது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சபையாரில் சிலர் இன்றும் அந்நாட்களைப் பேசும்போது, வீட்டினுள் ஏறிய தண்ணீரின் அளவைவிட, பாதியில் அறுந்துபோன ஒரு பேச்சையே முதலில் சொல்லுகிறார்கள்.

அவ்வெள்ளத்தில் செய்திகளைக் கொண்டுசேர்த்தவர்களில் ஹாம் வானொலியாளரும் உண்டு. அவர்களுடைய பழைய மொழி மோர்ஸ் குறியீடு. அதில் விடைபெறுவதற்கென்று இருக்கும் ஒழுங்கு என்னை வெகுநாளாகச் சிந்திக்க வைத்திருக்கிறது.

ஒவ்வோர் எழுத்தையும் புள்ளியும் கோடுமாகத் தட்டவேண்டியிருப்பதால் அங்கே சொற்சிக்கனம் மிகக் கடுமையானது. இருப்பிடம் என்பதற்கு க்யூ.டி.ஹெச்., நன்றிக்கு டி.யூ., வானிலைக்கு டபிள்யூ.எக்ஸ். எதிரே இருப்பவர் இருபது வயது வாலிபராயினும் ஓ.எம்., அதாவது 'பெரியவரே'! இவ்வளவு கஞ்சத்தனத்திலும் விடைபெறுதலை மட்டும் எவரும் விட்டுவிடுவதில்லை. முதலில் 73 என்ற எண். பழைய தந்திக்காரர்களிடமிருந்து வந்த அவ்வெண்ணுக்கு 'அன்பான வாழ்த்துகள்' என்று பொருள். ஏழுக்கு இரண்டு கோடும் மூன்று புள்ளியும். மூன்றுக்கு மூன்று புள்ளியும் இரண்டு கோடும். கண்ணாடியில் பார்த்ததுபோல் இரு பக்கமும் ஒத்திருக்கும். (சிலர் இதைப் பன்மையாக்கி '73ஸ்' என்பார்கள், வாழ்த்து ஏற்கெனவே பன்மைதானே என்று மூத்தவர்கள் கடிந்துகொள்வதுண்டு.) பின்பு இருவரின் அழைப்புக்குறிகள், நம் தேசத்தாருக்கு அது வி.யூ. என்று தொடங்கும். அதன்பின் தொடர்பு முடிந்தது என்னும் எஸ்.கே. அதற்குப் பிறகும் ஆளுக்கு இரண்டு புள்ளிகள் தட்டிப் பிரிவார்கள். செய்தி என்று பார்த்தால் அவற்றில் ஒன்றுமில்லை. 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்று வாசலில் நின்று சொல்லும் நமக்கு அது விளங்காததல்ல.

தட்டும் விதத்தைக்கொண்டே ஆளை அறிந்துகொள்வார்கள். அதை 'ஃபிஸ்ட்', அதாவது கைமுட்டி என்கிறார்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் பவுல் வாழ்த்துதலைத் தன் கையினாலேயே எழுதி, அதுவே தன் நிருபங்களுக்கு அடையாளம் என்கிறார். ரோமருக்கு எழுதின நிருபத்தில் எழுதுகோல் பிடித்தவர் தெர்தியு. அவரும் தம் பங்குக்கு ஒரு வாழ்த்தைச் சேர்த்திருக்கிறார். அந்தப் பதினாறாம் அதிகாரம் பெரும்பாலும் பெயர்களும் வாழ்த்துகளுமே. நாம் வேகமாய்க் கடந்துபோகிற அதிகாரம் அது.

ஊழியத்தில் மரண வீடுகளில் நான் அதிகமாய்க் கேட்ட புலம்பல், "கடைசியாக ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாரே" என்பதுதான்.

ஹாம் வானொலியாளர் ஒருவர் மரித்தால் அவரை 'சைலன்ட் கீ' என்பார்கள். அவர் தட்டிய கருவி மௌனமாகிவிட்டது என்று பொருள். அதன் சுருக்கமும் எஸ்.கே.தான். அந்த அறிவிப்பின் கீழே, பதில் வராது என்று அறிந்தும், நண்பர்கள் அவருடைய அழைப்புக்குறியை எழுதி 73 சொல்லுகிறார்கள்.