பசியைக் கெடுக்கும் காப்பி

சாப்பிடுகிற வேளையில் காப்பி டம்ளரைத் தேடும் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பார்கள்: “காப்பி குடிச்சா பசி கெட்டுப்போகும்.” இன்று எடையைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் அதே குணத்தை நம்பித்தான் காப்பியிடம் வருகிறார்கள். பதினொரு மணிப் பசியை மதியச் சாப்பாடு வரை தள்ளிப்போட, பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி. பழி சொல்லப்பட்ட குணமே இப்போது மருந்தாகிவிட்டது.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையைப் படித்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் கூடுதலாகச் சுவைக்கும். ஒரு பானம் தமிழ்ச் சமூகத்துக்குள் நுழைந்து அதன் காலைப்பொழுதையே திருத்தி எழுதிய வரலாற்றை அதில் காணலாம். காப்பிக்கு முன் அந்த இடத்தில் இருந்தது நீராகாரம். முதல்நாள் சோற்றில் ஊற்றி இரவெல்லாம் புளித்த தண்ணீர், கொஞ்சம் உப்பு, இருந்தால் மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். உழைக்கப் போகிறவரின் வயிற்றுக்குக் குளிர்ச்சியும் தெம்பும் தந்த ஆகாரம் அது. அதை ஒதுக்கிவிட்டு வந்த காப்பி, தாகத்துக்கான பானமாக மட்டும் வரவில்லை. நாகரிகத்தின் அடையாளமாகவும், விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாகவும் வந்தது. வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் அது குறையாகப் பேசப்பட்டது. மரியாதை என்று ஆனபின் அதில் கஞ்சத்தனம் காட்ட முடியுமா? தண்ணீர் கலக்காத பாலில் போட்டால்தான் டிகிரி காப்பி. கள்ளிச்சொட்டாக டிகாஷன், நுரை பொங்கும் பால், தாராளமாகச் சர்க்கரை.

எடைக்கணக்கு தொடங்குவதும் அங்கேதான். வெறும் டிகாஷனில் இரண்டு மூன்று கலோரிக்கு மேல் தேறாது. 100 மில்லி பால் சேர்ந்தால் ஏறக்குறைய 60 கலோரி கூடும். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இன்னும் முப்பதைக் கூட்டும். நாளைக்கு நான்கு டம்ளர் குடிக்கிற வீட்டில், சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்க்காத முந்நூற்றைம்பது கலோரிக்கு மேல் இப்படி உள்ளே போகிறது. இத்தனைக்கும் காப்பியை யாரும் உணவாக நினைப்பதில்லை.

காப்பிக்குக் கொழுப்பை எரிக்கும் சக்தி உண்டு என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1989இல் டல்லூவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 100 மில்லிகிராம் காஃபின் கொடுத்தபோது, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றல் 3 முதல் 4 சதவீதம் கூடியது. பகலில் 12 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒரு தடவையாக அதே அளவைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒல்லியானவர்கள் நாளொன்றுக்குக் கூடுதலாக 150 கலோரி செலவழித்தார்கள். முன்பு பருமனாக இருந்து இளைத்தவர்களுக்கு அது 79 கலோரிதான். மனத்தை வருத்தும் எண்கள் இவை. ஏறிய எடையோடு போராடிக் குறைத்தவர்களுக்கு, அந்த எடை திரும்பிவிடுமோ என்ற பயம் என்றும் போவதில்லை. துணை அதிகம் வேண்டிய அவர்களுக்குக் காப்பியிடம் கிடைப்பது பாதித் துணைதான்.

2023இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கச் செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மூன்று பெரிய கணக்கெடுப்புகளை அலசியது. சர்க்கரையில்லாத காப்பியைத் தினம் ஒரு கோப்பை கூட்டிக்கொண்டவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் ஏறும் எடை 0.12 கிலோ குறைவாக இருந்தது. காஃபின் நீக்கிய காப்பியிலும் இதே அளவுதான். ஆகவே பெருமை முழுவதையும் காஃபினுக்குக் கொடுக்க முடியாது. சேர்க்கும் ஒவ்வொரு தேக்கரண்டிச் சர்க்கரையோடும் 0.09 கிலோ கூடுதலாக ஏறியது. கோப்பை கொடுத்ததில் முக்கால் பங்கைக் கரண்டி பிடுங்கிக்கொள்கிறது. பாலை விடமுடியாதவர்கள் சர்க்கரையிலாவது கைவைக்கலாம். ஓட்டலில் “சக்கரை கம்மியா” என்று சொல்லி வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல டிகாஷனின் கசப்பு நாக்குக்குப் பிடிபடுவதும் அப்போதுதான்.

மாலைக் காப்பியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தவர் பதினொரு மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளேயே இருக்கிறது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். 2022இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா டசாலி குழுவினர், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, எடை மிகுந்த 80 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தை நீட்டிக்க மட்டும் ஆலோசனை தந்தார்கள். உணவைப் பற்றி எந்தக் கட்டுப்பாடும் சொல்லவில்லை. அவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு 270 கலோரி குறைவாக உண்டார்கள். டல்லூவின் ஒல்லியான மனிதர்கள் பகலெல்லாம் காஃபின் உட்கொண்டு செலவழித்த 150 கலோரியைவிட அது அதிகம்.