ஊத்தாவும் கடற்பறவையும்

பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் கோடையில் முழங்கால் தண்ணீருக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் போதும், நூற்றுக்கணக்கானோர் ஊத்தாவோடு இறங்கிவிடுவார்கள். மேலும் கீழும் திறந்த கூடை அது. சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவ வேண்டும். கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் சித்தப்பா மட்டும் பை நிறையக் கெண்டையும் குரவையுமாகத்தான் கரையேறுவார்.

ஒரு வருஷம் நான் மீனை விட்டுவிட்டு அவரைக் கவனித்தேன். ஒரு மீன் அகப்பட்டால் அந்த இடத்தைச் சுற்றியே குத்திக்கொண்டிருந்தார். ஏழெட்டுக் குத்து வெறுமையாய்ப் போனால் நிமிர்ந்து, விறுவிறுவென்று எதிர்க்கரைப் பக்கம் போய்விட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தது சித்தப்பா?"

"இதை யாருடா சொல்லணும்? மீனு என்ன வெதச்ச மாதிரியா கெடக்கு? பள்ளத்துல கூடிக் கெடக்கும்."

இந்த நடைக்கு ஆதி எது என்று தேடப்போய், இயற்பியலில் விழுந்தேன். பல குட்டி அடிகள், எப்போதாவது ஒரு நெடுந்தாவல். இப்படி அமையும் நடைக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பால் லெவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை இப்படித்தான் இரை தேடுகிறது என்று 1996இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் காந்திமோகன் விசுவநாதன். (அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஏனோ ஒரு சொந்தம் வந்துவிட்டது.) தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா பகுதிப் பறவைகளின் காலில் ஈரத்தை உணரும் கருவி கட்டி, காலில் ஈரம் படாத நேரத்தையெல்லாம் பறந்த நேரமாகக் கணக்கிட்டிருந்தார்கள். இரை அரிதாகச் சிதறிக் கிடந்தால் இந்த நடையே சிறந்தது என்று 1999இல் கணக்கும் போட்டுக் காட்டினார்கள்.

2007இல் கதை கவிழ்ந்தது. பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பதிவான மிக நீண்ட 'பறத்தல்'களின்போது பறவை பறக்கவே இல்லை; கூட்டில் உட்கார்ந்திருந்தது. ஆண்ட்ரூ எட்வர்ட்ஸ் தலைமையில் வந்த அந்தத் திருத்தக் கட்டுரையில் விசுவநாதனும் கையெழுத்திட்டிருந்தார். இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கருத்து அதோடு சாகவில்லை. 2010இல் சுறா, சூரை போன்ற 14 வகை வேட்டை மீன்களை ஆராய்ந்தபோது, இரை குறைந்த கடலில் லெவி நடையும் இரை மலிந்த கடலில் சாதாரண அலைச்சலும் அதிகம் தெரிந்தன. நெடுந்தாவல் விலங்குக்குள்ளேயே ஊறியதா, இரை கிடக்கும் விதம் அதன் மேல் பதித்ததா என்ற வழக்கு மட்டும் இன்னும் ஓயவில்லை. நான் சித்தப்பா கட்சி: பள்ளம்தான் காலை நடத்துகிறது.

கூட்டில் உட்கார்ந்த பறவையின் கதையை அவரிடம் சொன்னேன். ஊத்தாவைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அப்ப, கரையில வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தவனையும் மீன் புடிச்ச கணக்குல சேத்துட்டாங்களாக்கும்?"