பிட்டும் தேங்காய்ப்பூவும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் எம்மவர் மரபு. இவ்வாவியைச் சூழ வாழும் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரின் உறவையும் "பிட்டும் தேங்காய்ப்பூவும்" என முன்னோர் உவமித்தனர்.

படுவான்கரையில் யாம் சிறுவராயிருந்த காலத்தில், காத்தான்குடித் துணி வணிகர் ஒருவர் மண்முனைத் துறையில் "பாதை" எனும் மிதவையேறி எம்மூருக்கு வருவார். அன்னையார் அவரைக் "காக்கா" என்றழைப்பார். சீத்தைத் துணியைக் கடனாகத் தருவார். வெள்ளாமை வெட்டிய பின் பணம் பெறுவார்.

1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் தமிழர் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். வணிகரின் வரவு நின்றது.

ஆயினும், நல்லோர் ஓய்ந்தாரல்லர். 1996 இல் மட்டக்களப்பில் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் நொந்த தமிழ், முஸ்லிம் சிறார்களை ஒருங்கே விளையாடச் செய்தது. எம் அன்னையாரோ எக்குழுவையும் அறியார். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதும், துறை கடந்து வணிகரின் கடையைத் தேடிச் சென்று, பன்னிரண்டு ஆண்டுப் பழங்கடனை நீட்டினார்.

"கொப்பி எப்பவோ கிழிஞ்சிட்டு, தங்கச்சி" என்றார் அவர்.

"என்ட மனசில கிழியல்ல, காக்கா" என்றார் அன்னையார்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது, போக்குவரவு எளிதாயிற்று. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலரும் மாண்டனர். அக்கொடுமைக்கும் அம்முதியவருக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும், வகுப்பறையில் "யாதும் ஊரே" எனப் பாடஞ்சொல்லும் யாம், பாலத்தைக் கடந்ததுபோல் அவர் கடையையும் வாளா கடந்து சென்றோம்.

வைகாசி பிறந்தது. கண்ணகி அம்மன் சடங்குக்குப் பட்டு வாங்க அன்னையார் எம்மை அக்கடைக்கே அழைத்தார். யாம் தயங்கினோம்.

"தேங்காய்ப்பூ இல்லாட்டிப் பிட்டு தொண்டையில அடைக்கும், மகன்" என்றார்.

நாணித் தலைகுனிந்து உடன் சென்றோம். முதியவர் எம்மை ஒன்றும் வினவினாரல்லர். பட்டை அளந்து வெட்டி, அம்மனுக்கென்று விலையைக் குறைத்தார்.

உடன்படிக்கைகள் தலைநகரங்களில் எழுதப்படலாம்; அவற்றுக்கு உயிர் தருவோர் ஊரவரே. பழைய மாணவ அன்பர்காள்! நீவிர் கடந்து செல்லும் கடையொன்று உமக்கும் இருக்கக்கூடும். இவ்விழா நிறைந்து இல்லம் திரும்புகையில், அதன் படியேறுவீராக.