ஒரு பொட்டலம் தேயிலை

கதை எழுதுகிறவன் மனித மனத்தை அறிந்தவன் என்று பத்திரிகைக்காரர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள். நான் அதை மறுத்து ஒரு தடவையும் கடிதம் போட்டதில்லை. இப்போது போட வேண்டிய கட்டம் வந்திருக்கிறது. ஒரு பொட்டலம் தேயிலை விஷயத்தில் நான் எவ்வளவு பெரிய மண்டு என்பது நிரூபணமாகிவிட்டது.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில் இருக்கிறார்கள். 2019-ஆம் வருஷம் முதல் தடவையாக நானும் என் மனைவியும் அங்கே போனோம். நாங்கள் எடுத்துச் சென்ற சாமான்களின் ஜாபிதாவை இங்கே கொடுத்தால், கல்யாணச் சீர் என்று நினைத்துக்கொள்வீர்கள். காப்பிப் பொடி இரண்டு கிலோ, பித்தளை பில்டர் ஒன்று, சாம்பார்ப் பொடி, மணத்தக்காளி வற்றல், உப்பு நார்த்தங்காய், இத்யாதி. "இங்கேயே எல்லாம் கிடைக்கும் அப்பா" என்று பெண் டெலிபோனில் சொன்னாள். "கிடைக்கட்டும், எங்களுக்கு வேண்டியதை நாங்கள் கொண்டுவருகிறோம்" என்று பதில் சொன்னேன். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் பிறகு மறந்துவிட்டேன்.

அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி இருந்தார்கள். பெரியவர் 1936-ல் பிறந்தவர். பர்மிங்ஹாம் நகரத்துக்காரர், என்ஜினீயர். வேலைக்காக அமெரிக்கா வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் மாலை எங்களைத் தேநீருக்கு அழைத்தார்கள்.

அந்த வீட்டுச் சமையலறையில் ஓர் அலமாரி. அந்த அம்மாள் அதைத் திறந்த விதத்தில், கர்ப்பக்கிருகத்துத் திரையை விலக்கும் பக்தி தெரிந்தது. உள்ளே சிவப்புப் பொட்டலத்தில் டைஃபூ தேயிலை. 1903-லிருந்து விற்கும் பர்மிங்ஹாம் சரக்கு. பக்கத்தில் பேர்ட்ஸ் கஸ்டர்ட் பவுடர். பர்மிங்ஹாமில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1837-ல் முட்டையில்லாமல் செய்த பண்டம் அது. அப்புறம் பழுப்பு நிறத்தில் ஹெச்.பி. சாஸ். அதுவும் அந்த ஊரில்தான் நெடுங்காலம் தயாராயிற்று. 2007-ல் அந்தத் தொழிற்சாலையை மூடி, வேலையை ஹாலந்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பெரியவர் அதைச் சொன்னபோது, குலதெய்வத்தை வேறு ஊருக்குக் கடத்திவிட்டதைப் போல் அவர் முகம் வாடிற்று.

பாட்டிலை வாங்கி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பார்த்தேன். தக்காளி, வினிகர், பேரீச்சம்பழம்... புளி! நம்முடைய சாட்சாத் புளி! "ஐயா, ஐம்பது வருஷமாக நீங்கள் எங்கள் புளிக்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றேன். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்மைட் என்ற கறுப்புப் பசையையும் ரொட்டியில் தடவிக் கொடுத்தார்கள். பீர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுப்பது; 1902-ல் பர்ட்டன் என்ற ஊரில் ஆரம்பித்த கம்பெனி. ருசி எப்படி என்று கேட்டால், அடிப்பிடித்த புளிக்காய்ச்சலில் உப்பை இரண்டு தடவை போட்டாற்போல் என்பேன். என் மனைவி மரியாதைக்காக ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை என் தட்டுக்கு மாற்றிவிட்டாள்.

ஆனாலும் அந்தப் பசையிடம் எனக்கு மரியாதை உண்டு. காரணத்தையும் அவர்களுக்குச் சொன்னேன். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் ரத்த சோகையால் மடிவதற்குக் காரணம் தேடினார். 1929-ல் நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் சில மாதங்கள் ஆராய்ந்தார். சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருக்கும் இடத்திலும் வேலை செய்தார். மார்மைட்டைக் கொடுத்தால் அந்த நோய் குணமாகிறது என்று கண்டு 1931-ல் வெளியிட்டார். இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே ஃபோலிக் ஆஸிட், அதற்கு மூலம் அதுதான். இந்தக் கதையைக் கேட்டதும் அம்மாள் ஒரு காகிதத்தில் அந்த டாக்டரின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஜாடியைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

தேநீர் போடுவதைப் பெரியவர் தாமே ஏற்றுக்கொண்டார். கையோடு உபந்நியாசமும் நடந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், பிரிட்டனில் 230. ஆகையால் இங்கே கெட்டில் கொதிப்பதற்குள் இரண்டு பங்கு நேரம் ஆகிவிடுகிறது. ஓட்டல்களிலோ ஆறிய வெந்நீரையும் தேயிலைப் பையையும் தனித்தனியே கொடுத்து, "உன் பாடு" என்று விட்டுவிடுகிறார்கள். "1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைப் பச்சைத் தண்ணீரில் கொட்டினார்கள். இவர்கள் டீ போடும் முறை இன்னும் அதுவேதான்" என்றார்.

பிறகு பீங்கான் கூஜாவில் தேயிலையை அளந்து போட்டார். "தலைக்கு ஒரு கரண்டி. பிறகு கூஜாவுக்கு ஒரு கரண்டி. இது எங்கள் சம்பிரதாயம். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது கூஜாவுக்குக் கிடையாது" என்றார்.

யுத்த காலம். 1940 ஜூலையில் தேயிலைக்கு ரேஷன் வந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது ஐம்பத்தேழு கிராம். கூஜாவுக்கான கரண்டியை விட்டுவிடுங்கள் என்று சர்க்காரே பிரசாரம் செய்தது. அவருடைய தாயார், யுத்தம் முடிந்ததும் கூஜாவுக்கும் ஒரு கரண்டி போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். யுத்தம் 1945-ல் முடிந்தது. தேயிலை ரேஷன் முடிந்ததோ 1952 அக்டோபரில். அன்று தாயார் அந்த உபரிக் கரண்டியைப் போட்டபோது அவருக்கு வயது பதினாறு. அதைச் சொல்லிவிட்டு, ஐந்தாவது கரண்டியைத் தட்டி, கூஜாவை மூடினார்.

அதற்குப் பின் கொரோனா வந்து, உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. 2022-ல்தான் மறுபடி புறப்பட்டோம். லண்டன் வழியாகப் பிரயாணம்; அங்கே நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் பெண் டெலிபோனில் சொன்னாள்: "அப்பா, அடுத்த வீட்டு அம்மாள் கேட்டார். லண்டன் விமான நிலையத்துக் கடைகளில் அந்த டைஃபூ தேயிலை, பையில் போடாத தூளாகக் கிடைத்தால் ஒரு பொட்டலம் வாங்கி வர முடியுமா என்று."

"ஆகட்டும்" என்றேன்.

வாங்கவில்லை. கால் வலித்தது என்பது உண்மை. ஆனால் என் நாற்காலிக்கு முப்பதடி தூரத்திலேயே தேயிலை டப்பாக்கள் அடுக்கிய கடை ஒன்று இருந்தது என்பதும் உண்மை. அவர்கள் கேட்டது அங்கே இருந்ததோ இல்லையோ, நான் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. என் மனத்தில் வேறு எண்ணம் இருந்தது. 'தேயிலைக்கு இவர்கள் ஏன் லண்டனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அங்கே விளைகிறதா? டெட்லி கம்பெனியை 2000-ல் நம் டாடாவே வாங்கியாயிற்று. இந்த டைஃபூவையும் 2005-ல் ஒரு கல்கத்தாக் கம்பெனி வாங்கிப் பல வருஷம் நடத்தியது. என் பெட்டியில் குன்னூரிலிருந்து வந்த முதல்தரத் தேயிலை அரை கிலோ இருக்கிறது. அதைக் கொடுத்தால் உச்சி குளிர்ந்துவிடுவார்கள்.' இப்படி நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் குன்னூர்த் தேயிலையைப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "எவ்வளவு நல்ல வாசனை!" என்றார். பிறகு, "லண்டனில் அது கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். தேடாதவன் சொல்லத் தகுந்த வார்த்தையா அது?

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றிரவு பெண் விவரம் சொன்னாள். ஒன்றரை வருஷமாக அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. நடு வயசு முழுவதும் மறைந்து, பர்மிங்ஹாம் வீடும் தாயாரும் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். டீ வேண்டும் என்று கேட்பார். கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம் வீட்டு டீ இல்லை" என்று தள்ளிவிடுவார். முன்பெல்லாம் ஒரு மருமான் வருஷா வருஷம் வரும்போது தூள் தேயிலை கொண்டுவருவான். கொரோனாவால் அதுவும் நின்றது. நியூ யார்க்கில் ஹட்ஸன் தெருவில் 1985-லிருந்து ஓர் ஆங்கிலேய மளிகைக் கடை இருக்கிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. தபாலில் வரவழைத்ததெல்லாம் பைகளாக வந்தன. பிரிட்டனில் தேயிலைப் பை விற்பனைக்கு வந்ததே 1953-ல்தான். அவர் மனம் இருக்கும் காலத்தில் அது கிடையாது. பையைக் கண்டால், ஏதோ மருந்து கொடுக்கிறார்கள் என்று பயப்படுகிறார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பெண் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். "என்னம்மா இது? காப்பியா?" என்று கேட்டேன்.

"நீங்கள் கொண்டுவந்த பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. இது இங்கே வாங்கிய பொடி. நல்ல பொடிதான் அப்பா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

என் மனைவிதான் வழி காட்டினாள். "எடிஸனில் ஓக் ட்ரீ ரோடு கடைகளில் தேடினால் என்ன? நம் சாமானோடு சீமைச் சாமானும் அங்கே இருக்கிறதே" என்றாள். அன்றே மாப்பிள்ளையோடு கிளம்பினேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கடையில், அப்பளக் கட்டுகளுக்கும் ஊறுகாய்ப் பாட்டில்களுக்கும் அடுத்து பேர்ட்ஸ் கஸ்டர்ட் இருந்தது, ஹார்லிக்ஸ் இருந்தது, ஹெச்.பி. சாஸ் இருந்தது. கீழ்த் தட்டில், தூசி படிந்து, இரண்டு சிவப்புப் பொட்டலங்கள். பையில்லாத தூள் தேயிலை!

கடைக்காரர் ஒரு குஜராத்திப் பெரியவர். உகாண்டாவில் பிறந்தவர். 1972-ல் அங்கிருந்து இந்தியர்களை விரட்டினார்களே, அப்போது இங்கிலாந்துக்கு ஓடி, லெஸ்டரில் இருபது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். "என் சம்சாரம் இதைத்தான் குடிப்பாள். அவளுக்காகத்தான் தருவிக்கிறேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டையும் எடுத்துக் கொடுத்து, ஒன்றுக்குத்தான் பணம் வாங்கிக்கொண்டார்.

மாலையில் அடுத்த வீட்டுக்குப் போனோம். முதலில், லண்டனில் நான் தேடவே இல்லை என்பதை அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் என் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்தார். தண்ணீர் கொதிக்கிற வரையில் யாரும் பேசவில்லை. பெரியவர் எழுந்து வந்து மேஜை அருகில் நின்று, கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அம்மாள் எண்ணிப் போட்டார். பிறகு ஐந்தாவது கரண்டியை எடுத்தார்.

பெரியவர் நிமிர்ந்தார். "கூஜாவுக்குமா?" என்று கேட்டார். "யுத்தம் முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது" என்றார் அம்மாள்.

பெரியவர் உட்கார்ந்து, கோப்பை முழுவதையும் குடித்தார். நம் வீட்டு டீ என்று சொல்லவில்லை. இன்னொரு கோப்பை கேட்டார்.

அடுத்த வருஷம் அவர் காலமானார். அம்மாள் ஸ்பெயினில் இருக்கும் தமக்கையிடம் போய்விட்டார். அங்கேயும் கஷ்டம்தான். 2021 ஜனவரி முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குப் போகிறவர்கள் மாமிசமும் பாற்கட்டியும் கையில் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்தது. ஹாலந்துத் துறைமுகத்தில் ஒரு லாரி டிரைவரின் ரொட்டிக்குள் இருந்த பன்றி மாமிசத்தைப் பறிமுதல் செய்ததை அப்போது உலகமே பார்த்தது. "பாற்கட்டி வருவதில்லை. நல்லவேளை, தேயிலைக்குத் தடை இல்லை" என்று அம்மாள் என் பெண்ணுக்கு எழுதியிருந்தார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியூர் போகும்போது யாராவது ஏதாவது வாங்கி வரச் சொன்னால், எதற்கு என்றும் கேட்பதில்லை. அதைவிட நல்லது என்னிடம் இருக்கிறது என்றும் சொல்வதில்லை. பெயரை எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். கால் வலித்தாலும் கடை வரையில் நடந்து போய்ப் பார்த்துவிடுகிறேன்.