எட்டரைக்குள் நுழைந்து

ஹூஸ்டன் என்றதும் எனக்கு எட்டரை என்ற எண்தான் ஞாபகம் வருகிறது. எண்ணெய்க் கிணற்றில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் 9⅝ அங்குல கேசிங் குழாய்க்குள் 8½ அங்குல பிட்தான், அதாவது அந்த அளவுத் துளைமுனைதான், போகும். ஆனால் அதற்குக் கீழே 9⅞ அங்குலத்துக்குத் துளை வேண்டும் என்பார்கள். மெக்சிகோ வளைகுடாவின் அடியிலுள்ள உப்பு சும்மா கிடக்காது. மேலே உள்ள பாரத்தில் மெல்ல நகர்ந்து வந்து துளையை நெரிக்கும். அடுத்த 7⅝ அங்குலக் குழாயை எட்டரைத் துளையில் இறக்கினால் சுற்றிலும் அரை அங்குலம்கூட மிஞ்சாது. சிமென்ட் எந்த வழியாக ஏறும்?

ஒல்லியாக நுழைந்து பருமனாக வெட்ட வேண்டும். அதற்குத்தான் பைசென்டர் பிட். கீழே சிறிய வழிகாட்டி முனை. அதற்கு மேலே ஒரு பக்கம் மட்டும் புடைத்த சிறகு. சுழலும் அச்சிலிருந்து சிறகுப் பக்கம் ஐந்து அங்குலத்துக்குச் சற்றே குறைவு, எதிர்ப்பக்கம் மூன்றரைக்குச் சற்றே அதிகம். கூட்டினால் எட்டரை, குழாய்க்குள் நுழைந்துவிடும். சுற்றவிட்டால் சிறகு போடும் வட்டம் 9⅞. பள்ளிக்கூடக் கணக்குதான்.

கணக்கில் வராதது பாறையின் உதை. சிறகின் பற்கள் கடிக்கும்போது பிட் முழுவதும் பக்கவாட்டில் தள்ளப்படும். வழிகாட்டி முனை தன் சிறு துளையின் சுவரில் சாய்ந்து அதைத் தாங்கியாக வேண்டும். மென்பாறையில் அந்தச் சிறு துளை அகன்றுவிட்டால் அச்சு நகர்ந்துவிடும். பெரிதாக வரவேண்டிய துளை குறுகிப்போகும். சாய்த்துத் தோண்டும் கிணற்றில் குழாய்த்தொடரின் எடையும் ஒரு பக்கமாக இழுக்கும். திசையைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடு.

பற்கள் என்றால் 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டுவந்த செயற்கை வைர வில்லைகள். 1909இல் ஹோவர்ட் ஹியூஸ் சீனியர் காப்புரிமை பெற்ற உருளும் கூம்புகள் பாறையை நொறுக்கின, இவை சீவின. எங்கே பதிப்பது, எவ்வளவு சாய்ப்பது என்பதெல்லாம் வரைபவர் பாடு. அந்த வில்லைகள் ஏன் உடைகின்றன என்று தேடிய அமோகோ எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் 1989இல் ஒரு விடை சொன்னார்கள்: பிட் அச்சு தவறி, துளைச்சுவரைத் தொட்டு உருள, அதன் மையம் எதிர்த்திசையில் சுற்றி வருகிறது. மருந்தும் அவர்களே சொன்னார்கள். பக்கவிசை முழுவதையும் வேண்டுமென்றே ஒரே பக்கம் திருப்பி, அங்கே வழுவழுப்பான ஒரு திண்டை வைத்துவிடு.

கோணலைக் கோணலாலேயே அடக்கும் இந்த யோசனை பைசென்டர்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றியிருக்காது. எங்கள் பிட்டுக்கு மையமே இரண்டு. கேசிங்குக்குள் சிமென்டை உடைக்கும்போது எட்டரை வட்டத்தின் மையத்தில் சுழலும். வெளியே வந்ததும் முனையின் மையத்துக்கு மாறும். உள்ளே சுழலும்போது வில்லைகள் இரும்புக் குழாயைச் சுரண்டாதபடி எட்டரை வட்டத்துக்குள் அவற்றை அடக்கி வைக்க வேண்டும்.

மட் எனும் துளையிடு சேற்றின் அழுத்தத்தில் கைகளை விரிக்கும் ரீமர்கள் இப்போது பல இடங்களில் துளையை அகலமாக்கும் வேலையைச் செய்கின்றன. சமச்சீரானவை, திசைதிருப்பும் கருவிக்கு மேலே தொந்தரவின்றிச் சுழலும். நல்லதுதான். ஆனால் கைகள் விரிந்தனவா, மடங்கினவா என்ற கவலை ரிக்கில் நிற்பவருக்கு. பைசென்டரில் விரியவும் மடங்கவும் எதுவுமில்லை. அதன் தொல்லை அத்தனையையும் வரைபவர் மேசையிலேயே தீர்த்தாக வேண்டும். அதனால்தான் அது எனக்கு இன்னும் ஒரு படி மேல்.