அகலப் பிடித்தால்தான் முதுகு விரியுமா?

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் திடல்களில் புல்-அப் எடுக்கும் தம்பிகள் பலர் கம்பியின் இரண்டு ஓரத்தையும் எட்டிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால்தான் முதுகு அகலமாகுமாம். பாதி தூரம்கூட ஏற முடியாமல் தொங்குவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

அகட்டிப் பிடித்தால் முழங்கை பக்கவாட்டில் இறங்கும். நெருக்கிப் பிடித்தால் உடம்புக்கு முன்னால் இறங்கும். இரண்டிலும் இழுப்பது முதுகின் பக்கவாட்டில் இருக்கும் அதே லாட்ஸ் தசைதான். 2014-இல் வந்த ஓர் ஆய்வில், கம்பியை மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுனில் தோள் அகலம், ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என மூன்று பிடிகளை ஒப்பிட்டார்கள். லாட்ஸின் உழைப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மிக அகலமான பிடியில் இழுக்க முடிந்த எடை குறைந்தது.

நெருக்கிப் பிடித்தாலும் முதுகு விரியும் என்பதை நம்ம ஊரிலேயே பாருங்கள். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான். குலை வெட்டுபவர் நீளக் கழியை ஒரு கைக்கு மேல் மறு கை வைத்து நெருக்கமாகப் பிடிப்பார். அரிவாளை மட்டைக் காம்பில் மாட்டி வெடுக்கென்று கீழே இழுப்பார். வியர்வையில் ஒட்டிய சட்டைக்குள் அக்குளிலிருந்து இடுப்புவரை தசை புடைத்து இறங்கும். என் மாமாவுக்கு அப்படியொரு முதுகு. ஜிம் வாசலை மிதித்ததே இல்லை.

தம்பிகளா, தோளைவிடக் கொஞ்சம் அகலமாகப் பிடியுங்கள், போதும். முதலில் தோள்பட்டையைக் கீழே இறக்கிவிட்டு இழுங்கள். நாடி கம்பியைத் தாண்டட்டும், இறங்கும்போது கை முழுசா நீளட்டும். தோளில் வலி எடுத்தால் உடனே பிடியைக் குறுக்குங்கள்.